ஒரு சாண் மீன்

பூமியின் வளங்களைக் காக்கும் பொறுப்பு மனித குலத்தின் கைகளில் இருக்கிறது. இந்த ஏரியைப் பொறுத்தவரை அது வலைக்காரருடைய மனைவியின் வலது கையில் மட்டும் இருக்கிறது. சாய்ந்த வெயிலில் படகுக்குள் மீன்கள் துள்ளுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் அவள் விரல்களை விரித்து வைக்கிறாள். ஒரு சாணுக்குக் குறைவான மீன் தொபுக்கென்று தண்ணீருக்குத் திரும்புகிறது. இந்தச் சாண் விதியைக் கரையெல்லாம் முழங்கி, ஏரிக் காவல் சங்கத்துக்குத் தலைவரானவர் வலைக்காரர்தான். போன வருஷம் வலையில் பாசி மட்டுமே வந்ததை இருவரும் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கூடையின் அடி தெரிகிறது. கடைசி மீனை அவரே எடுத்து, தன் கையை விரித்து அளந்து, தீர்ப்புச் சொல்பவரைப் போலத் தொண்டையைச் செருமுகிறார்.

"சரியா ஒரு சாண் இருக்கு. உன் அண்ணன் வேற சாப்பிட வர்றாரு."

"எங்கண்ணன் வயித்தப் பாத்து மீன் வளராதுங்க. இங்க குடுங்க."

அவள் அளக்கிறாள். வால் அவளுடைய சுண்டுவிரலை எட்டவில்லை. அலுங்காமல் மீனைத் தண்ணீரில் விடுகிறாள். வெயில் பட்ட வளையங்கள் கரைவரை விரிகின்றன.

"தலைவர் அளந்ததுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதையெல்லாம் இருக்கு. சாண்தான் பத்தல."

அவருடைய கை அவளுடையதைவிடச் சின்னது.