பின் வரிசை இருமல்

"என்னை வேற இடத்துல உட்கார வைங்க சார். இல்லேன்னா அந்தம்மாவை மாத்துங்க."

வகுப்பு கலைந்ததும் வாண்டா நேரே ஆசிரியர் மேஜைக்கு வந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் இரவெல்லாம் வேலை பார்த்த அதே நீலச் சட்டை. காலை ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பி, தன் இரண்டு பெண்களையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எட்டரைக்குக் கல்லூரியில் இருக்க வேண்டும். மூன்று மாதமாக இதே ஓட்டம்.

"எந்த அம்மாவை?" பலகையை அழித்துக்கொண்டே கேட்டார் கிரௌஸ்.

"ஓப்பலைத்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுறாங்களே, அவங்க. எனக்கு நேர் பின்னால உட்கார்ந்துக்கிட்டு ஒரே இருமல். அதுவும் சாதாரண இருமலா? தகரத்தைத் தட்டுற மாதிரி!"

"பாவம், உடம்புக்கு என்னவோ."

"உடம்புக்கு முடியலைன்னா டாக்டரைப் பார்க்கணும். எங்க இல்லத்துல வேலைக்கு வர்றவங்க யாராவது இப்படி இருமினா வாசலோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நர்ஸுக்குப் படிக்க வந்தவங்களுக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா? போன வாரம் இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி அவங்க மேஜையில வச்சேன். 'ரொம்ப நன்றி கண்ணு'ன்னு எடுத்துப் பையில போட்டுக்கிட்டாங்க. மறுநாளும் அதே லொக்கு லொக்கு!"

கிரௌஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சார். நீங்க முக்கியமானதைச் சொல்ற நேரமாப் பார்த்துத்தான் இருமறாங்க. இதயத்து வால்வைப் பத்தி 'இது கண்டிப்பா பரீட்சையில வரும்'னு சொன்னீங்களே, அப்பவும் லொக்கு! கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசிக்க முடியலை."



நாலு வருஷத்துக்கு முன் கணவன் பிரிந்துபோன சமயம், இதே உடற்கூறு பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவள் அவள். இது இரண்டாவது முறை. மொத்தச் சராசரி எண்பது மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் பட்டப் படிப்புக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. மூன்றாவது முறை எழுத விதி இல்லை.

கிரௌஸ் வகுப்பறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஜன்னலோரம் முன் வரிசையில ஒரு இடம் காலியா இருக்கு. நாளையிலேர்ந்து அங்கே உட்காரு."

மறுநாள் அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்தபோது ஓப்பல் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கே கண்ணு கிளம்பிட்டே?"

"ஜன்னல் பக்கம். வெளிச்சம் நல்லா இருக்கும்."

"அங்கே ஹீட்டர் இருக்கே. வெதுவெதுன்னு இருக்குமே..." ஓப்பல் இழுத்தாள்.

"அதான் வேணும் எனக்கு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போனாள் வாண்டா.

உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. வெளியே பனி. உள்ளே காலடியில் இதமான சூடு. இருமல் இல்லை, தொந்தரவு இல்லை. இரண்டு வாரம் ஓடியதே தெரியவில்லை.

சிறுநீரகப் பாடத்துப் பரீட்சை முடிவு வந்தது.

ஐம்பத்தொன்று.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதிக் கேள்விகள் எங்கேயும் கேட்டிராத சங்கதியாக இருந்தன. அழக்கூடத் தெம்பில்லை. எல்லோரும் போகும்வரை காத்திருந்து கிரௌஸிடம் போனாள்.

"இதெல்லாம் நீங்க நடத்தவே இல்லையே சார்?"

"நடத்தினேன் வாண்டா. எல்லாமே நடத்தினேன்."

அவர் மதிப்பெண் பட்டியலை அவள் பக்கம் திருப்பினார். "முதல் பரீட்சையில எண்பத்தாறு. அடுத்ததுல எண்பத்தொன்பது. இப்ப ஐம்பத்தொன்று. இடையில என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலை. சொல்லப்போனா இப்பத்தான் தொந்தரவில்லாம இருக்கேன்."

கிரௌஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்வதா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"ஜன்னலோரம் உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் நீ தூங்கிடறே."

"தூங்கறேனா? நானா?"

"தினமும். எழுப்பலாம்னுதான் நினைப்பேன். ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு வர்றவளாச்சேன்னு மனசு வராது. தூங்கட்டும்னு விட்டுட்டேன். அதுதான் உனக்குச் செய்யற நல்லதுன்னு நினைச்சேன். தப்பு என் மேலயும் இருக்கு."

வாண்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா சார், முன்னாடி உட்கார்ந்திருந்த இடத்துல நான் தூங்கினதே இல்லையே!"

"அதையேதான் நானும் யோசிச்சேன்." கிரௌஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ இடம் மாறின நாள்லேர்ந்து ஓப்பல் ஒரு தடவைகூட இருமலை."

மறுநாள் காலை ஓப்பல் மஞ்சள் மேற்சட்டையைக் கழற்றாமல் பஸ்ஸிலிருந்து நேரே வகுப்புக்கு வந்தாள். அவள் இடத்துக்கு நேர் முன்னால், இரண்டு வாரமாகக் காலியாக இருந்த இடத்தில் ஒரு பை இருந்தது. பக்கத்தில் வாண்டா நின்றுகொண்டிருந்தாள்.

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னும் ரெண்டு பரீட்சை இருக்கு அக்கா" என்றாள். "கொஞ்சம் பலமாவே இருமுங்க."