ஒரு நம்பர் மட்டும்

தேர்வு முடிவுகளை இணையத்தில் வெளியிடும் உரிமை இந்த ஆண்டு அந்தப் பத்திரிகைக்கு மட்டுமே கிடைத்திருந்தது. முடிவு வந்த பத்தாவது நிமிடம், எடிட்டர் வெப் டெவலப்பரின் மேஜை முன் நின்று கத்தினார்.

"எல்லாப் பிள்ளைங்க ரிசல்ட்டும் வருது. என் பொண்ணு நம்பரைப் போட்டா மட்டும் 'சற்றுப் பொறுக்கவும்'னு காட்டுது!"

"நான்தான் நிறுத்தி வச்சேன் சார்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான். போன வருஷம் என் தம்பிக்கு ரிசல்ட். அரை நாள் லீவு கேட்டுக் கெஞ்சினேன். 'சைட் படுத்துட்டா உன் தம்பியா வந்து தூக்கி நிறுத்துவான்?'னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள, ஃபெயிலான பய எங்கேயோ ஓடிட்டான். பதினோரு நாள் தெருத்தெருவா தேடினோம். அன்னையிலிருந்து கறுவிக்கிட்டே இருக்கேன். இன்னைக்குக் கடவுளே உங்களை என் முன்னாடி நிறுத்தியிருக்கார்."

எடிட்டரின் குரல் இறங்கியது. "கோபம்னா என்னை நாலு அறை அறைப்பா. அவ என்ன பண்ணினா? சொந்தக்காரங்க பூரா அவ நம்பரை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"தெரியும் சார். இதுவரைக்கும் நாற்பது தடவை தட்டிப் பார்த்துட்டாங்க."

டெவலப்பர் எழுந்தான்.

"வீட்டுக்கு ஓடுங்க சார். அவங்க யாரும் போன் பண்ணித் துக்கம் விசாரிக்கிறதுக்கு முன்னாடி, நீங்க பாப்பா பக்கத்துல போய் உட்காருங்க. உட்கார்ந்ததும் சொல்லுங்க, திறந்து விடறேன். ரெண்டு பாடம் போயிடுச்சு."

எடிட்டர் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.