எர்த் குழியில் கொட்டிய உப்பு

"திரும்பவும் சத்தம் போச்சு மச்சான். இப்ப இருந்துச்சு, இப்ப இல்ல" என்று போனில் நண்பனிடம் அழாத குறையாகச் சொன்னான் புகழேந்தி.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வேளூர்த் திருவிழாவில் கச்சேரி. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று அதிருமே, அந்த பேஸ் கிட்டார்தான் அவன் வாத்தியம். பெரிய குழு ஒன்று முதல்முறையாக அவனைக் கூப்பிட்டிருந்தது. நன்றாக வாசித்தால் நிரந்தர இடம். மேடையில் சத்தம் நின்றால் அதோடு சரி.

இரண்டு வாரமாக இதே தொல்லை. ஹாலில் கட்டிலில் உட்கார்ந்து வாசிப்பான். ஒயர் நீளமாக ஓடி, அடுப்படிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் போகும். அந்த வீட்டில் மூன்று பின் பிளக் அங்கேதான் இருந்தது. நாலு தட்டு தட்டுவதற்குள் சத்தம் செத்துவிடும். எழுந்துபோய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். திரும்ப வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போய்விடும்.

ஒயரை மாற்றினான். கிட்டாருக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றினான். தஞ்சாவூர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே மணிக்கணக்கில் ஜம்மென்று பாடியது. கடைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மைக்செட் வைத்திருக்கும் அந்த நண்பன் மருதையன் நேரில் வந்து எல்லாவற்றையும் நோண்டிவிட்டு, "வீட்ல எர்த் சரியில்ல மாப்ள" என்றான். எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் கொட்டினார்கள். புகழேந்தியின் மனைவி செந்தாமரை முகம் சுளிக்காமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அப்போதும் சத்தம் போய்ப் போய் வந்தது.

"எர்த் ஊற வேணாமாண்ணே? சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்" என்று அவள்தான் இரண்டு பேருக்கும் தைரியம் சொன்னாள்.

சொன்னதுபோலவே சனிக்கிழமை காலையில் சரியாகிவிட்டது. பாத்திரமெல்லாம் அதிர அதிர வாசித்தான் புகழேந்தி. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. போன் போட்டு மருதையனைத் தெய்வம் என்றான். மருதையனும் மறுக்கவில்லை.

அடுப்படியை ஒட்டிய கொல்லையில் செந்தாமரை கூடையைத் தூக்கினாள். கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் கீச்கீச்சென்று ஓடின.

"வானம் இடிச்சாலே அடைமுட்டை கூமுட்டையாயிடும், இந்த மனுஷன் வீட்டுக்குள்ளயே இடிக்கிறாரு. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி எனக்கு விரலே தேஞ்சுபோச்சு" என்று கோழியிடம் சொல்லிவிட்டு, அடுத்த கோழியை அடை வைக்க முட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.