ஈரம் படாத இமை

நகைக்கடையின் பணியாளர் கதவு, கண்ணில் ஒட்டிய பொய்யிமையைப் பார்த்துத்தான் திறக்கும். மாதம் ஒருமுறை அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குக் கடையே அந்தப் பொய் இமைமுடியை ஒட்டிவிடும். ஒட்டிய அன்று ஈரம் பட்டால் பசை விட்டுவிடும். இமை உதிர்ந்தவளுக்கு மறு இமை கிடையாது, வேலையும் கிடையாது.

கோமளாவுக்குக் காலையில்தான் ஒட்டினார்கள். மதியம், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்த அவள் புருஷனைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். இனி மகள் இனியாவுக்கு அவள் சம்பளம்தான் சோறு.

கோமளா அவன் பக்கத்தில் மின்விசிறியையே அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"அழுதுடுடி. அடக்கி வச்சா நெஞ்ச அடைச்சிடும்" என்று பெரியம்மா அவளை உலுக்கினாள்.

"கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்றது வாசல் கூட்டம்.

கோமளா பல்லைக் கடித்துக்கொண்டாள். பொழுது விடிந்துவிட்டால் போதும், பிறகு ஆயுசு முழுக்க அழலாம்.

இனியா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு தானும் விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பா மேலயா இருக்காரு? எனக்குத் தெரியலயே."

கோமளாவின் தலை கவிழ்ந்தது. கறுத்த இமை ஒன்று நழுவி அவன் மார்பில் விழுந்தது. மற்றதும் விழுந்தது. பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

பெரியம்மா பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா, அழுதுட்டா. இனிமே பயமில்ல."