சுல்தானுக்குப் பூச்சி மருந்து

வாயைத் திறக்கவே மாட்டேன் என்று சாதித்தான் சுல்தான். ஹமீதா பானு அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சை உதட்டோரம் வைத்து அழுத்தினாள். பாதி மருந்து உள்ளே போனது, மீதி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"முழுங்கு ராசா. வயித்துப் பூச்சி சாகணும்ல?"

சுல்தான் ஒரு கண்ணால் அவளை முறைத்தான். இன்னொரு கண் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பச்சோந்தி. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவனுக்கு இல்லை.

உப்பூருக்கு மேற்கே கருவேலங்காட்டை ஜேசிபி வழித்துத் தள்ளியபோது முன்காலில் அடிபட்டுக் கிடந்தவன். ஹமீதாவின் ஏழு வயது மகள் லாமியா அவனைப் பாவாடையில் ஏந்தி வந்து, பேரும் வைத்துவிட்டாள்.

"இத வீட்டுல வளக்கக் கூடாதும்மா, ஃபாரஸ்ட்டுக்குத் தெரிஞ்சா கேஸு. கால் தேறுனதும் விட்டுருங்க," என்று சொல்லித்தான் மாட்டு டாக்டர் கட்டுப் போட்டார். இரையே எடுக்க மாட்டேன் என்கிறானே என்று, எச்சத்தை டெஸ்ட் பண்ணவும் சொன்னார்.

அதே வாரம் லாமியாவையும் டாக்டரிடம் காட்டியிருந்தாள் ஹமீதா. பிள்ளை வெளிறிப்போயிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, சிலேட்டுக் குச்சியைக் கடித்துத் தின்றது. அந்த டாக்டரும் மலம் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். சவுதியிலிருந்து லீவில் வந்திருந்த புருஷன் காஜா நவாஸ், அவள் இரண்டையும் தனித்தனியாக அடைத்துக் கொடுத்த வெள்ளை மூடி, பச்சை மூடித் தைல டப்பாக்களை பைக்கில் கொண்டுபோய் ராமநாதபுரத்தில் ஒரே லேபில் கொடுத்துவிட்டு வந்தான்.

சாயங்காலமே ரிசல்ட் வந்தது. சுல்தானுக்கும் வயது, பாலினம் எல்லாம் போட்டு மனுஷ மரியாதையோடு தாள் கொடுத்திருந்தார்கள். லாமியாவுக்கு ஒன்றுமில்லை. சுல்தானுக்குத்தான் பூச்சி முட்டை நிறைய இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், புள்ள தப்பிச்சுச்சு," என்றாள் ஹமீதா.

மாட்டு டாக்டரிடம் போனில் சொன்னாள். அவர் மருந்து பேரைச் சொல்லி, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வீதம் மூன்று தடவை கொடுக்கச் சொன்னார். "கூண்டு சுத்தமா இருக்கணும். இல்லன்னா வீட்டுல உள்ளவங்களுக்கும் ஒட்டும்மா," என்றும் ஒரு வார்த்தை போட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? பிள்ளைக்கு ஒட்டிவிடுமே என்று ஹமீதா அன்றைக்கே வேலையில் இறங்கினாள். கூண்டுக்குள் இருந்த கொப்புகளையெல்லாம் அள்ளிக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். கம்பியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். எச்சத்தைத் தினமும் காகிதத்தில் எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

லாமியாவைக் கூண்டுப் பக்கமே அண்டவிடவில்லை.

"ஒரே ஒரு தடவ தொட்டுக்கிறேன் உம்மா."

"கிட்ட வந்தே, முதுகு பிஞ்சிரும். போ அங்கன!"

பிள்ளை வெறுங்காலோடு கொல்லை மணலில் போய் உட்கார்ந்து அழும். நாளுக்கு நாள் அவள் முகம் சோகை பிடித்து வெளுத்தது. "எல்லாம் பச்சோந்தி ஏக்கம். சரியாப் போயிரும்," என்றான் காஜா நவாஸ். ஹமீதாவுக்கும் அப்படித்தான் பட்டது.

இப்போது கொடுத்தது மூன்றாவது மருந்து. இத்தோடு தீர்ந்தது என்று ஹமீதா சிரிஞ்சைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலை சுல்தான் கூண்டுத் தரையில் கறுத்துச் சுருண்டு கிடந்தான். சின்ன உயிர், மருந்தைத் தாங்கவில்லை. இத்தனை பாடுபட்டும் போய்விட்டதே என்று ஹமீதா உட்கார்ந்து அழுதாள். லாமியா அழவில்லை. கூண்டைப் பார்த்து நாலு எட்டு வைத்தவள், ஐந்தாவது எட்டில் சரிந்து விழுந்தாள்.

ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரி. ரத்தம் நாலு கிராம்தான் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு நாள் எப்பிடிம்மா விட்டீங்க? புள்ளைக்குப் பூச்சி மருந்து குடுத்தீங்களா, இல்லையா?"

"பூச்சியே இல்லன்னுதான டெஸ்ட்டுல வந்துச்சு மேடம்." ஹமீதா பையிலிருந்த இரண்டு தாள்களையும் நீட்டினாள்.

டாக்டரம்மாவின் கண் இரண்டாவது தாளில் நின்றது. "கொக்கிப்புழு முட்டை... இது யாரு, சுல்தான்?"

"எங்க வீட்டுப் பச்சோந்தி மேடம்."

"பச்சோந்தியா?" டாக்டரம்மா தாளைக் கீழே வைத்தார். "இந்தப் புழு மனுஷக் குடல்ல இருக்குறதும்மா. உள்ள இருந்து ரத்தத்தக் குடிச்சே ஆளக் காலி பண்ணிரும்."

ஹமீதா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாருடையதோ ரத்தம் சொட்டுச் சொட்டாக லாமியாவின் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஹமீதா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"மச்சான், டப்பாவக் குடுக்கயில என்ன சொன்னேன்? வெள்ள மூடி சுல்தானுது, பச்ச மூடி புள்ளையோடதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. லேபுல பேரு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

காஜா நவாஸ் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"பச்ச மூடி... பச்சோந்திக்குன்னுல்ல நெனச்சேன், பானு!"