கடைசிப் பெட்டி

ஊர் வரலாறு எழுதிய வாத்தியாரின் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அவருடைய காகிதங்களை நூலகத்துக்கு ஏற்றிப்போக வந்த சுமைக்காரர் கடைசிப் பெட்டியில் மாட்டிக்கொண்டார். அதன்மேல் ஒரு பெரியவர் உடும்பாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திருங்க பெரியவரே. நனைஞ்சா அத்தனையும் கூழாயிடும்.”

“அந்த மனுஷன் தெருத்தெருவா அலைஞ்சு சேர்த்ததுய்யா. அவரைக் கேட்காம தொட்டா கையை உடைப்பேன்!”

“கேட்டாச்சு. அப்பவே சரின்னுட்டார்,” என்றாள் வாத்தியாரின் மகள்.

“நீ சொன்னா ஆச்சா? அவரே வந்து சொல்லட்டும்.”

சுமைக்காரருக்குப் பொறுமை போனது. “ஏம்மா, வாத்தியாரை ஒரு எட்டு வரச்சொல்லுங்களேன். இந்தக் காவல்காரர் அப்பத்தான் வழிவிடுவார்.”

அவள் பெரியவரின் சட்டையில் மாறிப் போட்டிருந்த பொத்தானைச் சரிசெய்தாள்.

“நானும் ரெண்டு வருஷமா கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. வரமாட்டேங்கிறார்,” என்றாள். “அப்பா, கொஞ்சம் எழுந்திருங்கப்பா.”