தொண்ணூற்றெட்டாம் ஆண்டுப் பெட்டி

கதவுப் பூட்டில் திறப்பு இரண்டு தரம் சுழன்றது. தில்லைநாதன் அதை மடிக்குள் செருகிக்கொண்டு திரும்பினார்.

“தம்பி, ஒரு முடிவு சொல்லாமல் நீர் வெளியிலை போகேலாது.”

அருட்செல்வன் தன் திருத்துவேலைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டான். விஷயம் தெரிந்துவிட்டதா? தானும் நிரோஜாவும் இரண்டு வருஷமாகக் காதலிப்பது அவளுடைய அப்பாவான இவருக்குத் தெரியாது என்றுதான் இதுவரை நம்பியிருந்தான்.

நல்லகாலம், அவர் விரல் நீட்டியது மேசையில் இருந்த கணினியை நோக்கி. தொண்ணூற்றெட்டில் காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்திறங்கிய பெட்டி. சாவகச்சேரிப் பக்கத்துக் கலியாணங்களில் பாதி, அது பார்த்துச் சொன்ன சாதகப் பொருத்தத்தில் முடிந்தவை. இன்று காலை அது கண் திறக்கவில்லை. திருத்தத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்.

விறாந்தையில் உதயகலா காத்திருந்தாள். தில்லைநாதனின் ஒன்றுவிட்ட தங்கை. கனடாவில் இருக்கும் மகனுக்கு நிரோஜாவைக் கேட்டு வந்தவள்.

“போனிலை பாக்கிற பொருத்தம் எனக்கு வேண்டாம், அண்ணை. உங்கடை பெட்டி சொன்னால் இண்டைக்கே நாள் வைப்பம்!” அவள் குரல் கதவைத் துளைத்தது.

அருட்செல்வன் தொண்டையைச் செருமினான். “ஐயா, புதுப் பெட்டி வாங்கிறதுதான் புத்தி. ஆனால் உங்கடை புரோகிராம் அதிலை ஓடாது. மாத்தி எழுத ஒரு மாசம் பிடிக்கும்.” ஒரு மாதம் கிடைத்தால் போதும், ஏதாவது செய்யலாம்.

“அப்ப பழசைத் திருத்திறதிலை பிரயோசனமில்லையெண்டு வெளியிலை கேக்கச் சத்தமாய்ச் சொல்லுமன்.” அவர் இமைக்காமல் பார்த்தார். “உம்மாலை ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லும்.”

சுருக்கென்று தைத்தது. திருத்தினால் நிரோஜா கனடாவுக்குப் போய்விடுவாள். கைவிட்டால், ஒரு பெட்டியைத் திருத்தத் தெரியாதவன் என்று ஆயுளுக்கும் பெயர். அப்படிப்பட்டவனுக்கா இந்த மனிதர் பெண் கொடுப்பார்?

மூடியைக் கழற்றினான். திருகாணிகள் கையாலேயே சுழன்று வந்தன. உள்ளே முழுக்கக் கறுத்த தூசி. ஒரேயொரு வயர் மட்டும் கழன்று தொங்கியது. அதன் நுனியில் வெள்ளையாய் ஏதோ பொடி. எலியின் வேலையாக்கும் என்று ஊதித் துடைத்தான்.

தொழில் என்றால் தொழில்தான். வயரைச் செருகி, சுவிச்சைப் போட்டான்.

‘டிட்!’ திரை பளிச்சென்று விழித்தது.

“ஆ, பெட்டி கத்திட்டுது! அண்ணை, கெதியாப் பொருத்தத்தை அடிச்சுத் தாங்கோ!” வெளியில் உதயகலா கைதட்டினாள்.

தில்லைநாதன் நெற்றியில் கைவைத்தபடி கதிரையில் சரிந்தார். திருநீறு விரல்களில் வெள்ளையாய் அப்பிக்கொண்டது.

“நேற்றே பாத்திட்டன். கனடாப் பெடியனுக்குப் பத்துப் பொருத்தத்திலை ஒன்பது. பொய் சொல்ல எனக்கு வாய் வராது. எத்தினை சாடை காட்டினனான், உமக்கு விளங்கேல்லையே…” கிசுகிசுத்தார்.

“அந்த வயரைக் கழட்டினதே நான்தான், மருமோன்!”